வேலாயுதம் போட்ட துண்டும் அடுத்த தலையும்

பணி ஓய்வு பெற்ற அன்று என் குழுவில் இருந்த பிள்ளைகள் என்னைப் பேசச் சொன்னார்கள். "மேடம், ஒரு டேட்டாபேஸை அடுத்தடுத்து எப்படி மேம்படுத்தறதுன்னு திட்டம் போடறோமே, அதைப் பத்தி உங்க அனுபவத்துலேர்ந்து ரெண்டு வார்த்தை" என்றார்கள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "திருத்தணி மலையில மொட்டை அடிக்கிற இடத்துல ஒரு நாள்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் கேக் வந்துவிட்டது. கேக் வந்த பிறகு மொட்டையைப் பற்றி யார் கேட்பார்கள்? ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு ஆரம்பித்த பேச்சை முடிக்காவிட்டால் சோறு இறங்காது. அதனால் இங்கே எழுதி முடித்துவிடுகிறேன்.

இந்தப் பிள்ளைகள் திட்டம் போடுகிற அழகே தனி. கண்ணாடிச் சுவரில் கலர் கலராய்க் காகிதம் ஒட்டுவார்கள். பச்சை என்றால் ஒன்று, மஞ்சள் என்றால் வேறொன்று. மறுநாள் ஏசிக் காற்றில் பாதி காகிதம் கீழே விழுந்து கிடக்கும். பெருக்குகிற அம்மா எதை எடுத்து எங்கே ஒட்டுகிறாரோ அதுதான் அடுத்த வருஷத்துத் திட்டம். நானும் ஒரு காலத்தில் சுவரில்தான் திட்டம் போட்டேன். ஆனால் அந்தச் சுவரில் ஒன்றை எழுதுவதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

நான் படித்த கதையைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். அரக்கோணத்தில் டைப்பிங் படித்தேன். டைப்பிங் பள்ளிக்கூடத்துக்கு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு வைத்தார்கள். டைப்பிங் சத்தம் தலைவலி தந்ததால் மாடி ஏறினேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் திருத்தணியில், மலைக்குப் போகிற ரோட்டில், பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். லாட்ஜுகளுக்கு பில் போடுகிற புரோகிராம் எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில்.

ஆபீஸ் முதலாளி பெயர் முனிரத்தினம். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஊரே நைனா என்றது, தெலுங்கில் அப்பா என்று அர்த்தம். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது, ஆனாலும் நைனா. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து கட்டி அடிப்பார். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஃபேன் ரெகுலேட்டர் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றபடியேதான் பேசுவார். நாம் சொல்வது பிடிக்கவில்லை என்றால் ஃபேனைக் கூட்டிவிடுவார், நம் காகிதமெல்லாம் பறக்கும். பதில் கேட்டால் "ஆங்" என்பார். அந்த ஆங்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காதில் விழுந்தது என்று அர்த்தம். இன்னொன்று, நீ சொல்லிக்கினே இரு, நான் நம்ப மாட்டேன் என்று அர்த்தம். மூன்றாவதாய், சரி, ஒத்துக்கறேன் என்கிற ஆங் ஒன்று இருப்பதாய்ப் பேச்சு. ஆபீஸில் யாரும் கேட்டதில்லை.

ஆபீஸின் ஒரு பக்கச் சுவரைக் கறுப்பாய்ப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். புரோகிராமில் இனிமேல் செய்யவேண்டியது எதுவானாலும் அந்தச் சுவரில் சாக்கட்டியால் எழுத வேண்டும். சும்மா எழுத முடியாது. சுவரின் முன்னால் நிற்க வைத்து மூன்று கேள்வி கேட்பார்.

"யாருக்கு வேணும்? இல்லாட்டி இன்னா ஆவும்? வந்தா எது கெடும்?"

முதல் இரண்டுக்கும் எவன் வேண்டுமானாலும் பதில் சொல்லிவிடுவான். மூன்றாவதில்தான் எல்லோரும் விழுவோம். கேபிள், கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துக்கொண்ட பாபு ஒருமுறை, புரோகிராம் திறக்கும்போது திரையில் முருகன் படம் வரட்டும் என்றான். யாருக்கு வேண்டும் என்றதற்கு பக்தர்களுக்கு என்றான். எது கெடும் என்றதற்கு ஒன்றுமே கெடாது, புண்ணியம் என்றான்.

நைனா ஃபேனைக் கூட்டினார். "படம் வர்றதுக்கு நேரம் ஆவும். நேரம் ஆனா கஸ்டமர் திட்டுவான். அப்ப திரையில யாரு இருப்பான்? முருகன் இருப்பான். முருகனையா திட்டு வாங்க வெக்கறே?"

பாபு சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டான். எழுதியதை அழிப்பதற்கும் முறை உண்டு. வேலை முடிந்தால் நைனா ஈரத்துணி எடுத்து வந்து அவர் கையால் அழிப்பார். வேறு யாரும் அந்தத் துணியைத் தொடக்கூடாது. நான் ஒருநாள் ஒரு புள்ளியை விரலால் துடைத்துவிட்டு, அன்று சாயங்காலம் வரைக்கும் தெலுங்கில் திட்டு வாங்கினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்களுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு ஊரில் ரூம் கிடைக்காமல் ஜனங்கள் குழந்தை குட்டியோடு லாட்ஜ் லாட்ஜாய் அலைவார்கள். லாட்ஜ்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சங்கமாய்ப் பேசி, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், எங்கள் ஆபீஸுக்கு எதிரிலேயே பந்தல் போட்டு, எல்லா லாட்ஜ் ரூமையும் ஒரே இடத்தில் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். லாட்ஜுக்கு ஒரு கவுன்ட்டர், எங்கள் புரோகிராம்.

அதுவரை நாங்கள் வைத்திருந்த பழைய டேட்டாபேஸில் ஒருத்தர் ஒரு ரூமைத் திறந்தால் மற்றவர்கள் எல்லாரும் வாய் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்தில்தான் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாய்க் கொடுத்த டேட்டாபேஸ் ஒன்றை நான் பிடித்தேன். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதை எழுதியவர்கள் நான் சொன்னது தப்பு என்று பத்துப் பக்கத்துக்கு மின்னஞ்சல் போடுவார்கள், அவர்கள் சுபாவம் எனக்குத் தெரியும்.

"சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்?" என்றார் நைனா.

"பிரசாதம் மாதிரி நைனா."

"பிரசாதத்துக்கே வரிசையில நிக்கணும். இதுக்கு எங்க நிக்கணும்?"

சங்கக் கூட்டத்தில் லாட்ஜ்காரர்களுக்கு நான்தான் விளக்கினேன். பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஜன்னல் வழியாய்த் துண்டு போட்டு சீட் பிடிப்பது எல்லோருக்கும் தெரியும் அல்லவா? அதை வைத்தே சொன்னேன். "பழசுல ஒருத்தர் துண்டு போட்டா பஸ் முழுக்க அவரோடது. இதுல அந்த ஒரு சீட்டு மட்டும்தான் அவரோடது. மத்த சீட்டுல மத்தவங்க உக்காரலாம்."

எல்லோருக்கும் புரிந்தது. அதில் ஒருவருக்கு அளவுக்கு மேல் புரிந்தது. அவர்தான் வேலாயுதம், இருக்கிறதிலேயே பெரிய லாட்ஜின் மானேஜர். "அப்ப நான் ஒரு ரூமத் தெறந்து வெச்சுகினா, அதுல வேற எவனும் கை வெக்க முடியாதா மேடம்?" என்றார்.

"நீங்க மூடற வரைக்கும் முடியாது."

"ஆபீஸ்காரங்க நீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா சொன்னார். "நாங்களும் தொட மாட்டோம். அவன் அவன் போட்ட துண்ட அவன் அவன்தான் எடுக்கணும். இது என் வார்த்த."

அந்த வார்த்தையால்தான் லாட்ஜ்காரர்கள் சம்மதித்தார்கள். ஆபீஸ்காரன் நல்ல ரூமையெல்லாம் தன் ஆட்களுக்குத் தள்ளிவிடுவான் என்றுதான் அவர்களுக்கு பயம். சங்கத் தலைவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். கிருத்திகையன்று இந்த மெஷின் நின்றுபோனால், அந்த நிமிஷமே பழைய நோட்டுக்குப் போய்விடுவோம், இனிமேல் கம்ப்யூட்டர் என்று யாரும் படியேறக்கூடாது. லாட்ஜுகள் போனால் எங்கள் ஆபீஸை மூட வேண்டியதுதான். நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். இலவச டேட்டாபேஸ் என்று தலைகீழாய் நின்று கொண்டுவந்தது நான். என் வேலை, பாபு வேலை, நைனாவின் ஆபீஸ், மூன்றும் அன்றைக்கு அந்த மெஷினில் இருந்தது.

கிருத்திகை விடிந்தது. ரோடு முழுக்கக் காவடி. சித்தூர் பக்கத்து ஜனம், வேலூர் ஜனம், மெட்ராஸ் ஜனம், எல்லாம் மஞ்சள் கட்டிக்கொண்டு அரோகரா என்று போய்க்கொண்டே இருக்கிறது. சங்கத் தலைவர் பழைய நோட்டுகளைக் கயிற்றால் கட்டி எடுத்துவந்து, பந்தல் வாசலிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மனுஷனுக்கு எவ்வளவு நல்ல எண்ணம் பாருங்கள்.

காலையில் நன்றாய்த்தான் ஓடியது. வெயில் ஏறிய நேரத்தில் ஒரு கவுன்ட்டர் நின்றது. அதற்குப் பிறகு பக்கத்துக் கவுன்ட்டர். பிறகு எல்லாம். திரையில் கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. பாபு, "கேபிள்தான்க்கா!" என்று ஏணியில் ஏறிவிட்டான். அவனுக்கு எல்லாமே கேபிள்தான்.

நான் ஆபீஸ் மாடிக்கு ஓடிப்போய் சர்வரில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். எல்லாக் கவுன்ட்டரும் ஒரே ஒரு ரூமுக்காகக் காத்திருந்தது. வந்தவர்கள் கேட்டது ஏதாவது ஒரு காலி ரூம். ஆனால் எங்கள் புரோகிராம் எப்போதும் வரிசைப்படி முதல் காலி ரூமிலிருந்துதான் பார்க்கும். அந்த முதல் ரூம் வேலாயுதத்தின் லாட்ஜில், கீழ்த்தளத்து மூலை ரூம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு மூடாமல் போயிருந்தார் வேலாயுதம். யார் கேட்டாலும் டேட்டாபேஸ் அந்த ரூம் வாசலில் போய், துண்டு போட்ட ஆள் வருவார், கேட்டுச் சொல்கிறேன் என்று மரியாதையாய்க் காத்து நின்றது. அதன் பின்னால் அடுத்தவர், அவர் பின்னால் அதற்கடுத்தவர்.

கீழே வந்து அவர் கவுன்ட்டரைப் பார்த்தால் ஆள் இல்லை. நாற்காலியின் மேல் நிஜமாகவே ஒரு துண்டு கிடந்தது. செல்போன் சார்ஜில் கிடந்தது. பக்கத்துக் கவுன்ட்டர்காரர் சொன்னார். "பள்ளிப்பட்டுலேர்ந்து அவரு பாவா, அக்கா வூட்டுக்காரரு, காவடி எடுத்துகினு நடந்து வர்றாரு. வருஷா வருஷம் அந்த மூல ரூம்தான் அவங்களுக்கு. அவங்க அப்பா காலத்துலேர்ந்து. அதான் புடிச்சு வெச்சுட்டு, மொட்ட போட மலைக்குப் பூட்டாரு."

நான் நைனாவிடம் போனேன். "நைனா, இங்கேர்ந்தே அவரு பிடிச்சதை வெட்டி விட்டுடறேன். ஒரு நிமிஷ வேலை."

"அப்ப அந்த ரூம் இன்னா ஆவும்?"

"காலியாயிடும். அடுத்து கேக்கறவங்களுக்குப் போயிடும்."

"அப்ப வேணாம்."

"வெளிய பாருங்க கூட்டத்தை!"

"பாத்துகினுதான் கீறேன். வார்த்த குடுத்துட்டேன் சரசு. இன்னிக்கு ஒருத்தன் துண்ட நாம எடுத்தோம்னா, நாளைக்கு ஒரு லாட்ஜ்காரன் நம்பள நம்ப மாட்டான். நோட்டுக்குப் பூடுவான்."

"இப்படியே நின்னுகினு இருந்தாலும் நோட்டுக்குத்தான் போவாங்க!"

"அதுக்குத்தான் சொல்றேன். மலைக்கு ஓடு. அவன இட்டுகினு வா."

பாபுவை அனுப்புங்கள் என்றேன். பாபு போனால் வழியில் யாருடைய ரேடியோவையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான் என்றார். அதுவும் உண்மைதான். வாசலில் சங்கத் தலைவர் கயிற்றின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினேன்.

கிருத்திகையன்று திருத்தணிப் படியில் ஏறுகிறவர்களைத் தாண்டி ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் காவடி இடிக்கும், ஒரு பக்கம் குழந்தை காலைக் கட்டும், நடுவில் ஒரு பாட்டியம்மா, "எங்கடி ஓடறே, முருகன் எங்கயும் போவ மாட்டான்" என்று கையைப் பிடிப்பார். மேலே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சே இல்லை. ஒலிபெருக்கி வைத்திருந்த அறைக்குப் போய், ஒரு ஆளைக் கூப்பிட வேண்டும் என்றேன்.

"பேரு?"

"வேலாயுதம்."

"அடையாளம்?"

"வயசு ஐம்பது இருக்கும். மாநிறம். தலை..." என்று நிறுத்தினேன்.

"தலை?"

"மொட்டையா இருக்கும். சந்தனம் பூசியிருப்பாரு. மஞ்ச வேட்டி."

அந்த மனிதர் ஜன்னல் வழியாய் வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மொட்டைத் தலை, சந்தனம், மஞ்சள் வேட்டி. அவர் மைக்கை எடுத்து, "வேலாயுதம் அவர்கள் எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்றார்.

வந்தார்கள். திருத்தணி மலையில், கிருத்திகையன்று, வேலாயுதம் என்று மைக்கில் கூப்பிட்டால் ஒருத்தரா வருவார்? குடியாத்தத்திலிருந்து ஒரு வேலாயுதம். சோளிங்கரிலிருந்து ஒரு வேலாயுதம். காணாமல் போன தன் மனைவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடிவந்து, என்னைப் பார்த்து மனசு விட்டுப்போன ஒரு வேலாயுதம். "நான்தாம்மா, இன்னா விஷயம், சொல்லு" என்று அதட்டலாய் வந்த ஒரு போலீஸ்கார வேலாயுதம். என் வேலாயுதம் மட்டும் இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கீழே முடிச்சு அவிழ்ந்துகொண்டிருக்கும் என்று தோன்றியது.

கடைசி முயற்சியாய் முடி காணிக்கை மண்டபத்துக்குப் போனேன். தண்ணீரும் முடியுமாய்த் தரை வழுக்குகிறது. வரிசையாய் உட்கார்ந்து சிரைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முகமாய்க் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு பெரியவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, "உக்காரும்மா, முழுசா, இல்ல மூணு கொத்து பூமுடியா?" என்றார்.

"நான் முடி குடுக்க வரலீங்க."

"எல்லாரும் மொதல்ல அப்டித்தான் சொல்வாங்க, உக்காரு."

அந்த நேரம் அவர் எதிரில் தலையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு ஆள், "சாமி, புள்ளயக் காணோம், தோ வந்துட்டேன், எடத்த வெச்சுக்க" என்று துண்டைப் பலகையில் போட்டுவிட்டு எழுந்து ஓடினான். இனி இவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தேன். பெரியவர் அந்தத் துண்டைத் தொடவில்லை. அவனைத் தேடவில்லை. கோபப்படவும் இல்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, கத்தியை ஆட்டி, "அடுத்த தல!" என்றார். அடுத்தவர் வந்து குனிந்தார். வரிசை நகர்ந்தது. துண்டு பாட்டுக்கு அங்கேயே கிடந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். அட, இவ்வளவுதானா!

துண்டு போட்டவனை ஏன் தேட வேண்டும்? துண்டை ஏன் எடுக்க வேண்டும்? துண்டு கிடக்கிறதா, அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போ. கீழே வரிசையில் காத்து நிற்கிற கவுன்ட்டர் எதுவும் எந்த ரூமையும் பிடித்துவைத்திருக்கவில்லை. நைனா வார்த்தை கொடுத்தது துண்டு போட்டவர்களுக்குத்தானே, சும்மா நிற்கிறவர்களுக்கு இல்லையே. சும்மா நிற்கிறவர்களை எழுப்பி வேறு இடம் காட்டினால் யார் கேட்பார்கள்?

சந்நிதிப் பக்கம் ஒரு கும்பிடு போட்டு, "முருகா, ரூம் விஷயத்தை முடிச்சுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். இந்தச் சந்தடியில் அந்தப் பெரியவர் என் பின்னலில் மூன்று கொத்து முடியை நறுக்கியிருக்கிறார். எனக்குத் தெரியவே இல்லை.

வேலையைச் சொல்கிறேன். காத்துக்கொண்டிருந்த கவுன்ட்டர்களை மட்டும் சர்வரிலிருந்து வெட்டிவிட்டேன். வேலாயுதம் திறந்து வைத்ததைத் தொடவில்லை. புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். எல்லாக் கவுன்ட்டரும் முதல் ரூமிலிருந்து தேடாமல், ஒன்று கடைசியிலிருந்து பின்னோக்கி வரட்டும், ஒன்று நடுவிலிருந்து, ஒன்று அதற்கும் அடுத்த லாட்ஜிலிருந்து என்று பிரித்துவிட்டேன். அந்த மூலை ரூமுக்கு யாரும் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அவசரத்துக்கு அவ்வளவுதான் முடிந்தது. பிரின்டர் டர்ரென்று ஓட ஆரம்பித்ததும் வரிசையில் நின்ற ஜனம் அரோகரா என்று போட்ட சத்தத்தில் பந்தலே ஆடியது. சங்கத் தலைவர் நோட்டுக் கட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளி, கால் வைத்துக்கொள்ள வசதி செய்துகொண்டார்.

நைனா என் தலையைப் பார்த்தார். "இன்னாம்மா, நடுவுல வேண்டுதலா?"

வேலாயுதம் மொட்டைத் தலையோடு, கையில் பிரசாதத்தோடு, சிரித்த முகமாய் மத்தியானம் வந்து சேர்ந்தார். மைக்கில் கூப்பிட்டது காதில் விழவில்லையா என்று சீறினேன். "வுழுந்துச்சு மேடம். எவனோ ஒரு வேலாயுதத்தத் தேடறாங்க, பாவம் இன்னா தப்பு பண்ணானோன்னு நெனச்சுகினேன்" என்றார். அவரை என்ன செய்ய? பிரசாதத்தை வாங்கித் தின்றேன்.

பாவா சாயங்காலம் காவடியோடு வந்தார். மூலை ரூம் அவருக்காகக் காத்திருந்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் வேலாயுதமே எழுந்து, "ஊரே நின்னுச்சு, ஆனா என் துண்டு மேல ஆபீஸ்காரங்க கை வெக்கல" என்று சாட்சி சொன்னார். நின்றதற்குக் காரணமே அவர்தான் என்பதை மட்டும் வசதியாய் விட்டுவிட்டார். ஆனால் லாட்ஜ்காரர்களுக்கு அந்த ஒரு பேச்சு போதுமானதாய் இருந்தது, எங்கள் ஆபீஸ் பிழைத்தது.

எனக்கு அத்தோடு ஆறவில்லை. ஒவ்வொரு கிருத்திகைக்கும் இப்படி ஒட்டுப்போட்டுக்கொண்டு இருக்க முடியுமா? பூட்டியிருக்கிற வரியை, அதாவது துண்டு போட்ட ரூமை, தாண்டி அடுத்ததை எடு என்று டேட்டாபேஸுக்கே சொல்லத் தெரிய வேண்டும். அதை எழுதியவர்கள், இனிமேல் செய்யவேண்டியவை என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள், உலகத்தில் யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம். நான் சுவரில், 'அடுத்த தலை' என்று எழுதினேன். நைனா மூன்று கேள்வியைக் கேட்பதற்கு முன்பே, கேட்கிறதை அவர்களே கேட்பார்கள் என்று சொல்லி மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன்.

அதை விளக்குவதற்குள் நான் பட்ட பாடு! பஸ் துண்டு அவர்களுக்குப் புரியவில்லை. மொட்டை அடிக்கிற இடத்தை வைத்து எழுதினேன். ஐயோ, ஏன் எழுதினோம் என்று ஆகிவிட்டது. ஒருத்தர், தலைகளுக்கு முன்னுரிமை எண் உண்டா என்று கேட்டார். இன்னொருத்தர், பாதி மொட்டையில் ஒருவர் எழுந்து போய்விட்டால் நடந்ததை எப்படித் திரும்பப் பெறுவது, வெட்டிய முடியை மறுபடி ஒட்டுவீர்களா என்று நிஜமான கவலையோடு கேட்டார். அதற்கு வேறொருவர் பதில் சொல்ல, மொட்டையைப் பற்றி அவர்களுக்குள்ளேயே வாரக்கணக்கில் சண்டை நடந்தது.

கடைசியில் அவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர், ஏதோ பனி கொட்டுகிற நாட்டிலிருந்து, எனக்கு எழுதினார். இது யாருக்குத் தேவை? இல்லாவிட்டால் இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சேர்த்தால் எது உடையும்?

படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். நைனாவிடம் தமிழில் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நம்ப சித்தூர் பக்கத்து ஆளா இருப்பான். வெசாரிச்சுப் பாரு" என்றார்.

மூன்றாவது கேள்விக்கு என்ன எழுதுவது என்பதில்தான் எனக்கும் நைனாவுக்கும் முட்டிக்கொண்டது. ஒன்றும் உடையாது என்று எழுதப் போனேன். அவர் ஃபேனைக் கூட்டினார்.

"துண்டு போட்ட ரூமத் தாண்டிப் போவுது. அப்ப அந்த ரூம் இருக்குன்னு சொல்லுமா, இல்லன்னு சொல்லுமா?"

"காட்டாது. தாண்டிடும்."

"இருக்கற ரூம இல்லன்னு சொல்றது பொய்யா, இல்லியா?"

"வரிசைக்கு அது பரவாயில்லை நைனா."

"வரிசைக்குப் பரவால்ல. மொத்தம் எத்தினி ரூமுன்னு கேக்கறவனுக்கு? அவனுக்கும் பொய்தான் சொல்லும். அத எழுது. பொய் சொல்லும், வரிசைக்கு மட்டும்தான் ஒத்துவரும்னு எழுது."

"நம்ம குறையை நாமே எழுதினா எவன் சேத்துக்குவான்?"

"எழுதாம அனுப்பினீன்னா செவுத்துலேர்ந்து அழிச்சுடுவேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். நான் நினைத்த மாதிரியே நடந்தது. அதைப் பட்டியலில் சேர்த்தார்கள், ஆனால் பக்கத்தில், யோசிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு குறிப்பும் போட்டார்கள். ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் ஆவலாய்த் திறந்து பார்ப்பேன். இருக்காது. ஒவ்வொரு கிருத்திகைக்கும் நைனா, "உன் அடுத்த தல வந்துச்சா?" என்பார். எல்லாம் உங்களால்தான், அந்த ஒரு வரியை எழுத வைத்தீர்களே என்று அவரைத் திட்டுவேன். மனசார அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. சென்னையில் வேறு வேலைக்குப் போன பிறகும் அந்தக் கோபம் போகவில்லை.

பல வருஷம் கழித்து ஒருநாள், ஒரு புதுப் பதிப்பில் நான் கேட்ட அந்த வசதி வந்தது. எனக்கு முகம் தெரியாத யாரோ, எங்கேயோ உட்கார்ந்து எழுதியிருந்தார். என் பேர் இல்லை, மொட்டை இல்லை, திருத்தணி இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் விளக்கப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, லீவு போட்டுவிட்டு, திருத்தணிக்கு ரயில் ஏறினேன்.

நைனாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆபீஸை விடவில்லை, ஜெராக்ஸ் மெஷின் வைத்து நடத்திக்கொண்டிருந்தார். வழக்கம்போல நின்றுகொண்டே, கை ரெகுலேட்டர் மேல். கறுப்புச் சுவர் அப்படியே இருந்தது. சுற்றிலும் எழுதியதெல்லாம் அழிந்திருந்தது, ஒரு மூலையில் மட்டும் என் கையெழுத்தில், அடுத்த தலை.

"வந்துடுச்சு நைனா" என்றேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. "வந்தா எது கெடும்னு போட்டுக்கீறாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கழித்தும் இதே கேள்வியா! காகிதத்தைப் பிரித்துத் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். பூட்டிய வரிகளைத் தாண்டிப் போவதால் இது உள்ளதை உள்ளபடி முழுசாய்க் காட்டாது. பொதுவான வேலைக்கு இது பொருந்தாது. வரிசைபோல் உள்ளவற்றிலிருந்து பலர் எடுக்கும்போது மட்டும் பயன்படுத்தலாம்.

படிக்கப் படிக்க என் குரல் இறங்கிப் போய்விட்டது. வார்த்தை வேறே தவிர, அன்றைக்கு ஃபேன் காற்றில் அவர் சொல்லி நான் பல்லைக் கடித்து எழுதியது அதேதான்.

"ஆங்" என்றார் நைனா.

அது மூன்றாவது ஆங். முதல் தடவையாய்க் கேட்டேன்.

உள்ளே போய்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிழிந்த துணியோடு வந்தார். சுவர்ப் பக்கம் போவார் என்று நான் ஒதுங்கி வழி விட்டேன். அவர் போகவில்லை. துணியை என் கையில் கொடுத்தார்.

"நீ அழி."

அந்தத் துணியை அந்த ஆபீஸில் யாரும் தொட்டதில்லை என்று சொன்னேன் அல்லவா? எனக்கு அழுகை வந்துவிட்டது. சாக்கட்டித் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருஷத்துச் சாக்கட்டி லேசில் போகவும் இல்லை.

"அழுத்தித் தேய்ம்மா" என்றார் நைனா. "செவுத்தத் தொடைக்கச் சொன்னா கண்ணத் தொடச்சுகினு நிக்கறே."